எழுதிப் பார்த்தால்தான் வரும்: விளம்பர எழுத்தைப் பழகும் முறை

ஊறுகாய் பாட்டிலின் லேபிளில் இருக்கும் இரண்டு வரி, திருவிழாக் கூட்டத்தில் கையில் திணிக்கப்படும் பிட் நோட்டீஸ், புதிதாகத் திறந்த பல் மருத்துவமனையின் பெயர்ப்பலகைக்குக் கீழே உள்ள வாசகம், மளிகைக் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ‘இன்று வந்த சரக்கு’ செய்தி. இவற்றையெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். படிப்பவர் ஒரு காரியத்தைச் செய்ய வேண்டும் என்ற நோக்கத்தோடு எழுதப்படும் இந்த எழுத்துக்குத்தான் காப்பிரைட்டிங் என்று பெயர். தமிழில் விளம்பர எழுத்து என்கிறோம். வாங்குவது, போன் செய்வது, கடைக்கு வருவது, படிவத்தை நிரப்புவது என்று அந்தக் காரியம் எதுவாகவும் இருக்கலாம். அது நடந்ததா என்பதுதான் முதல் அளவுகோல். வரி அழகாக இருக்கிறதா என்ற கேள்வி அதற்குப் பிறகு வருகிறது.

இதைக் கற்க விரும்புகிறவர்கள் இன்று ஏராளம். வீட்டிலிருந்தே சேலை விற்கும் பெண்கள், சொந்த ஊரில் செக்கு போட்டிருக்கும் இளைஞர்கள், விளம்பர நிறுவனத்தில் வேலை தேடும் பட்டதாரிகள் எனப் பலரும் வழி கேட்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே நிறையப் படித்திருக்கிறார்கள். ‘கவனத்தை ஈர்த்தல், ஆர்வத்தைத் தூண்டுதல், ஆசையை வளர்த்தல், செயலுக்கு அழைத்தல்’ என்ற நான்கு படிகளை ஒப்பிப்பார்கள். ஒரு முறுக்குக் கடைக்கு நான்கு வரி எழுதச் சொன்னால் திணறுவார்கள். அறிவில் குறை ஏதுமில்லை, கைதான் பழகவில்லை.

கை பழக வேண்டும் என்றதும், தினமும் நிறைய எழுதினால் போதும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. ஒரே மாதிரியான மந்தமான வரிகளைப் பத்து ஆண்டுகள் எழுதியவர்களும் உண்டு. எழுதியதை எதனோடாவது ஒப்பிட வேண்டும். தன்னைவிடச் சிறந்தவர் எழுதியதோடு ஒப்பிடலாம், அல்லது படித்தவர் உண்மையில் என்ன செய்தார் என்பதோடு ஒப்பிடலாம். இடைவெளி எங்கே என்று தெரிந்த பிறகு திரும்ப எழுத வேண்டும். இந்தச் சுற்றைத்தான் நான் பயிற்சி என்கிறேன். இதைச் செய்யும் விதங்களைப் பார்ப்போம்.

அச்சுக்கூடத்துச் சிறுவனின் முறை

பின்னாளில் அமெரிக்காவின் நிறுவனத் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் 1706-இல் பாஸ்டனில் பிறந்தவர், சிறு வயதிலேயே அண்ணனின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகச் சேர்க்கப்பட்டவர். நண்பரோடு கடிதத்தில் ஒரு விவாதம் நடத்திக்கொண்டிருந்தார். அந்தக் கடிதங்கள் தந்தையின் கண்ணில் பட்டன. எழுத்துப் பிழை இல்லை, ஆனால் நடையிலும் ஒழுங்கிலும் தெளிவிலும் நண்பர் உன்னை மிஞ்சுகிறார் என்று தந்தை எடுத்துக்காட்டினார். அந்தச் சமயத்தில் ‘ஸ்பெக்டேட்டர்’ என்ற லண்டன் இதழின் ஒரு தொகுதி பிராங்க்ளினுக்குக் கிடைத்தது. அந்த இதழின் கட்டுரைகளை வைத்துத் தாமே ஒரு பயிற்சியை வகுத்துக்கொண்டார். அவருடைய தன்வரலாற்றில் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறார்.

முதலில் கட்டுரையின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அதன் கருத்தை மட்டும் சிறு குறிப்பாக எழுதிக்கொள்வார். சில நாட்கள் அதைத் தொடமாட்டார். பிறகு மூலத்தைப் பார்க்காமல், குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு முழுக் கட்டுரையையும் தம் சொற்களில் எழுதுவார். முடித்ததும் மூலத்தை எடுத்து ஒப்பிடுவார், குறைகளைத் திருத்துவார். சில சமயம் குறிப்புகளைக் கலைத்துப்போட்டுவிட்டு, சில வாரங்கள் கழித்து அவற்றைச் சரியான வரிசையில் அடுக்கப் பார்ப்பார். கருத்துகளை ஒழுங்குபடுத்தும் திறமைக்கு அது பயிற்சி. ஒரு சில சிறு இடங்களில் தம்முடைய வடிவம் மூலத்தைவிட நன்றாக அமைந்ததாகத் தோன்றியபோது, தாமும் ஒரு நாள் தேறிவிடலாம் என்ற நம்பிக்கை அவருக்கு வந்திருக்கிறது.

விளம்பர எழுத்துக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சியை நான் கண்டதில்லை. கட்டுரையைவிட விளம்பரம் சிறியது என்பதால் ஒரு சுற்று ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். உங்களை வாங்கவோ போன் செய்யவோ வைத்த ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாக்கியமும் என்ன வேலை செய்கிறது என்று மூன்று நான்கு சொற்களில் குறியுங்கள். ‘பயத்தைச் சொல்கிறது’, ‘விலைக்குக் காரணம் தருகிறது’, ‘வேறு ஒருவர் சாட்சி’ என்பது போல. குறிப்பை மடித்து வைத்துவிட்டு மூன்று நான்கு நாட்கள் கழித்து எடுத்து, விளம்பரத்தை நீங்களே எழுதுங்கள். அதன் பிறகு மூலத்தைப் பக்கத்தில் வையுங்கள்.

ஒப்பிடும்போது யாருடைய வரி அழகு என்று பார்க்காதீர்கள். நான் ‘மிகச் சிறந்த’ என்று போட்ட இடத்தில் அவர் என்ன போட்டிருக்கிறார்? நான் மூன்று வாக்கியத்தில் சொன்னதை அவர் எப்படி ஒன்றில் முடித்தார்? விலையை நான் கடைசியில் ஒளித்தேன், அவர் ஏன் முதலிலேயே சொன்னார்? இப்படிக் கேட்டுக்கொண்டே போனால், நீங்கள் திரும்பத் திரும்பத் தடுக்கி விழும் இடம் இரண்டு மூன்று மட்டுமே என்பது தெரியவரும். அவற்றை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல விளம்பரங்களை அப்படியே கையால் பார்த்து எழுதும் பழக்கம் ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் அஞ்சல் வழி விற்பனைக் கடிதங்கள் எழுதிப் பேர் பெற்ற கேரி ஹால்பர்ட் 1984-இல் தம் மகனுக்கு எழுதிய கடிதங்களில் இதை வற்புறுத்தியிருக்கிறார். வாக்கிய நீளமும் ஓசையும் கைக்குள் இறங்க அது உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பார்த்து எழுதும்போது கை ஓடிக்கொண்டே இருக்க, மனம் வேறெங்கோ போய்விடுகிறது. மறந்ததைத் திரும்பக் கட்டும்போது மனம் அப்படி நழுவ முடியாது. தொடக்கத்தில் சில நாட்கள் பார்த்து எழுதுங்கள், பிறகு பிராங்க்ளின் வழிக்கு மாறிவிடுங்கள்.

தமிழில் எழுதப் போகிறவர் இந்தப் பயிற்சிக்கு ஆங்கில விளம்பரங்களையே எடுத்துக்கொள்வது பெரிய இழப்பு. அந்த வாக்கியக் கட்டு மெல்ல மெல்லத் தமிழுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். நம் நாட்டில் இன்று பெரிய நிறுவனங்களின் தமிழ் விளம்பரங்கள் பலவும் வேறு மொழியில் யோசித்துப் பிறகு தமிழாக்கியவைதான். அவற்றைப் படித்தாலே தெரியும். அதனால் தமிழிலேயே பிறந்த விளம்பரங்களைத் தேடுங்கள். பழைய தமிழ் வார, மாத இதழ்களில் புத்தகங்கள், லேகியங்கள், கைக்கடிகாரங்கள் எல்லாம் வி.பி.பி. மூலம், அதாவது பார்சல் வந்ததும் தபால்காரரிடம் பணம் கட்டி வாங்கிக்கொள்ளும் முறையில், அனுப்பப்படும் என்ற விளம்பரங்கள் வந்தன. பார்க்காத ஒரு பொருளுக்கு, பார்க்காத ஒருவருக்குப் பணம் கட்ட வைக்க வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இருந்தது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய இதழ்கள் இருக்கின்றன. ஒரு நாள் அவற்றின் விளம்பரப் பக்கங்களை மட்டும் புரட்டுங்கள். அவற்றின் மொழி இன்றைக்குப் பொருந்தாது, மிகையான உறுதிமொழிகளும் ஏராளம். ஆனாலும் சந்தேகப்படும் வாசகரை எதிரில் வைத்துக்கொண்டு எழுதும் விதத்தை அங்கே தெளிவாகப் பார்க்கலாம்.

வரிக்கு முன்னால் விவரம்

எழுத உட்கார்ந்து வெற்றுத் தாளைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மொழி வறட்சி என்று நினைக்கிறோம். அநேகமாக அது விவர வறட்சி.

அமெரிக்க விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ், ஷிலிட்ஸ் என்ற பீர் நிறுவனத்துக்கு எழுதப் போன கதை இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. அந்தக் காலத்தில் எல்லா பீர் விளம்பரங்களும் ‘தூய்மையானது’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தன. ஹாப்கின்ஸ் ஆலைக்குள் போய்ச் சுற்றிப் பார்த்தார். வடிகட்டிய காற்று நிறைந்த கண்ணாடி அறைகளில் பீர் குளிர்விக்கப்படுவதையும், பாட்டில்கள் இயந்திரத்தால் திரும்பத் திரும்பக் கழுவப்படுவதையும், வெகு ஆழத்திலிருந்து தண்ணீர் எடுக்கப்படுவதையும் பார்த்து வியந்தார். இதையெல்லாம் ஏன் மக்களிடம் சொல்வதில்லை என்று கேட்டார். எல்லா ஆலைகளிலும் இப்படித்தான் செய்கிறார்கள், இதில் எங்களுக்கென்று தனியாக எதுவும் இல்லையே என்றார்கள். எல்லோரும் செய்கிறார்கள், யாரும் சொல்லவில்லை என்பதை ஹாப்கின்ஸ் பிடித்துக்கொண்டார். அந்த விவரங்களையே விளம்பரமாக எழுதினார். விற்பனையில் பின்தங்கியிருந்த நிறுவனம் சில மாதங்களில் முன்னணிக்கு வந்ததாக அவரே பதிவுசெய்திருக்கிறார்.

விளம்பர எழுத்தாளர் டேவிட் ஓகில்வி 1950-களின் இறுதியில் ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு எழுதிய தலைப்பும் விவரத்தில் பிறந்ததுதான். மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது இந்தக் காரில் கேட்கும் மிகப் பெரிய சத்தம் அதன் மின் கடிகாரத்திலிருந்து வருவது என்பது அதன் பொருள். ‘அமைதியான பயணம்’ என்று எழுதியிருந்தால் யாரும் நின்று படித்திருக்கமாட்டார்கள். அந்த வரி ஓகில்வியின் கற்பனையும் இல்லை. ஒரு பிரிட்டிஷ் மோட்டார் இதழின் தொழில்நுட்ப ஆசிரியர் எழுதியிருந்ததைத் தேடிப் படித்து எடுத்துப் போட்டார். மூலம் யார் என்று விளம்பரத்திலேயே சொல்லியும் இருக்கிறார். விளம்பர எழுத்தில் தேடல் எவ்வளவு, எழுத்து எவ்வளவு என்பதற்கு இது நல்ல அளவு.

இதை நம் தெருவுக்குக் கொண்டுவந்து செய்து பார்ப்போம். தெருமுனையில் இட்லி மாவு விற்கும் ஓர் அம்மாவுக்கு நோட்டீஸ் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் முயற்சியாக எல்லோருக்கும் வருவது இதுதான்:

‘தரமான, சுவையான, சுகாதாரமான இட்லி மாவு நியாயமான விலையில் கிடைக்கும்!’

இதில் தவறான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் எதிர்க் கடையின் பெயரை இதற்குக் கீழே போட்டாலும் அப்படியே பொருந்தும். பெயரை மாற்றிப் போட்டுப் பார்ப்பது தொடக்கக்காரர் தினமும் செய்ய வேண்டிய சோதனை. பொருந்தினால் அந்த வரி இன்னும் எழுதப்படவில்லை என்று கொள்ளுங்கள்.

இப்போது நோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்க் கேட்கிறோம். எத்தனை மணிக்கு அரைக்கிறீர்கள், அம்மா? மதியம் இரண்டு மணிக்கு. ஏன் அந்த நேரம்? சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவர்கள் வாங்கிப் போய் ராத்திரி வெளியே வைத்தால் காலையில் சரியாகப் பொங்கியிருக்கும். உளுந்தும் அரிசியும் சேர்த்தா அரைக்கிறீர்கள்? தனித்தனியாக, கல் கிரைண்டரில். சோடா? போடுவதில்லை. வாங்க வருகிறவர்கள் அதிகமாக என்ன கேட்கிறார்கள்? உப்பு போட்டிருக்கிறதா என்று கேட்பார்கள், புளித்துவிடுமா என்று கேட்பார்கள். மீந்த மாவை என்ன செய்வீர்கள்? மறுநாள் அதை இட்லி மாவு என்று விற்கமாட்டேன், தோசை மாவு என்று சொல்லிப் பத்து ரூபாய் குறைத்துக் கொடுத்துவிடுவேன்.

கடைசிப் பதிலில் நோட்டீஸ் கிடைத்துவிட்டது. அந்த அம்மாவுக்கு அது சொல்லத் தகுந்த செய்தியாகவே தோன்றியிராது, ஏனென்றால் அவருக்கு அது அன்றாடம். வாங்குகிறவருக்கு அதுதான் நம்பிக்கை. இரண்டாவது முயற்சி இப்படி வரலாம்:

‘நேற்றைய மாவை இட்லி மாவு என்று விற்பதில்லை.

இன்று மதியம் 2 மணிக்குக் கல் கிரைண்டரில் அரைத்தது. உப்பு சேர்த்திருக்கிறது, சோடா சேர்க்கவில்லை. இரவு வெளியே வையுங்கள், காலையில் இட்லி ஊற்றலாம். மீந்த மாவு மறுநாள் தோசை மாவாக, பத்து ரூபாய் குறைவாக.

மாலை 5 மணி முதல், பிள்ளையார் கோயில் எதிரில்.’

இதில் ‘தரம்’ என்ற சொல் இல்லை, படித்தவர் அந்த முடிவுக்குத் தாமே வந்துவிடுகிறார். வாடிக்கையாளர் கேட்கும் இரண்டு கேள்விகளுக்கும் அவர் வாயைத் திறக்கும் முன்பே பதில் இருக்கிறது. எப்போது, எங்கே வர வேண்டும் என்பதும் இருக்கிறது. முதல் வடிவத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் நடந்தது ஒரு பத்து நிமிட உரையாடல் மட்டுமே. ‘அதிகமாக என்ன கேட்கிறார்கள்’, ‘மீந்ததை என்ன செய்வீர்கள்’ என்ற இரண்டு கேள்விகளும் எந்தத் தொழிலுக்கும் உதவும். செருப்புத் தைப்பவரிடமும் கேட்கலாம், மென்பொருள் விற்பவரிடமும் கேட்கலாம்.

இந்தப் பயிற்சியின் அடுத்த படி, அதே மாவை வேறு ஒருவருக்கு எழுதுவது. புதிதாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களுக்கு எழுதுங்கள். இரவில் வெளியே வைக்க வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், நான்கு பேருக்கு ஒரு பாக்கெட் போதுமா என்பதுதான் அவர்கள் கேள்வி. காலையில் சிற்றுண்டிக் கடை போடுகிறவருக்கு எழுதுங்கள். அவருக்கு நாள் தவறாமல் குறித்த நேரத்தில் வருமா என்பது முக்கியம், உப்பைப் பற்றி அவரிடம் பாடம் நடத்தினால் எரிச்சல் வரும். பொருள் ஒன்றுதான். படிப்பவர் ஏற்கெனவே என்ன தெரிந்து வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்து முதல் வரி மாறிவிடுகிறது.

தலைப்புக்கு இருபது வரி

ஒரு தலைப்பு போதும் என்ற நிலையிலும் இருபது எழுதுங்கள். முதல் ஐந்தாறு வரிகள் எல்லோருக்கும் வருபவையாகத்தான் இருக்கும். பத்தைத் தாண்டும்போது வறண்டுபோகும், எழுந்து தண்ணீர் குடிக்கப் போகத் தோன்றும். அந்த இடத்தைக் கடந்தபின் வருபவற்றில்தான் புதிய கோணங்கள் இருக்கும். எழுந்து போகாமல் இருக்க ஒரு வழியை அமெரிக்க எழுத்தாளர் யூஜின் ஷ்வார்ட்ஸ் கையாண்டார். சமையலறை டைமரில் 33 நிமிடம் 33 விநாடி வைப்பார். அதுவரை எழுதலாம், எழுதாமல் சும்மாவும் இருக்கலாம், மேசையை விட்டு எழ மட்டும் கூடாது. மணி அடித்ததும், வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் எழுந்துவிடுவார். போனைத் தொடக் கூடாது என்ற விதியையும் இன்றைக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இருபதும் எழுதியபின் வாய்விட்டுப் படியுங்கள். தமிழுக்கு இது மிகவும் அவசியம் என்று எண்ணுகிறேன். ‘எங்கள் நிறுவனத்தில் மாவு தினசரி புதிதாக அரைக்கப்பட்டு வழங்கப்பட்டு வருகிறது’ என்ற வாக்கியம் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியும். வாயில் வைத்தால் அது ஓர் அலுவலகச் சுற்றறிக்கை. ‘தினமும் அரைக்கிறோம்’ என்பதில் சொல்ல வேண்டியது முழுக்க வந்துவிடுகிறது. ‘படு’, ‘ஆகும்’, ‘உள்ளது’ ஆகியவை தலையெடுக்கும் இடங்களைச் சுழித்து வைத்து, ஒவ்வொன்றையும் செய்கிறவர் தெரியும்படி மாற்றிப் பாருங்கள். நம் வினைமுற்று கடைசியில் வருவதால் நீண்ட தலைப்பில் செய்தி மிகவும் தாமதமாகத்தான் வெளிப்படும். அதற்குள் வாசகர் போய்விடுவார். வாக்கியத்தை இரண்டாக உடைப்பது, வினையையே விட்டுவிடுவது, எண்ணை முன்னால் கொண்டுவருவது என்று சில வழிகள் இருக்கின்றன. இருபது வரிகளில் அவை ஒவ்வொன்றையும் முயலலாம்.

சுருக்கப் பழக வரி விளம்பரத்தைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. நாளிதழ்களில் வீடு வாடகைக்கு, ஆள் தேவை, பழைய வண்டி விற்பனை என்று வருபவற்றில் ஒவ்வொரு வரிக்கும் காசு. ஒரு பெரிய விளம்பரத்தை எடுத்து, பன்னிரண்டு சொற்களுக்குள் வரி விளம்பரமாக்கிப் பாருங்கள். எதை விட மனம் வரவில்லையோ அதுதான் அந்த விளம்பரத்தின் உயிர்.

காதைத் தீட்டும் பயிற்சி

பேருந்து நிலையத்தில் வண்டி கிளம்பக் காத்திருக்கும்போது ஒருவர் ஏறி, இருக்கை இருக்கையாக ஒரு சமையல் குறிப்புப் புத்தகத்தையோ கடலை மிட்டாய் பாக்கெட்டையோ நம் மடியில் வைத்துவிட்டுப் போவார். விலை சொல்லமாட்டார். எல்லோர் கையிலும் பொருள் போய்ச் சேர்ந்தபின் முன்பக்கம் நின்று பேசத் தொடங்குவார். கடையில் இது என்ன விலை, இதில் என்னென்ன இருக்கிறது, இன்று ஏன் இந்த விலை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, டிரைவர் ஏறுவதற்குள் பணத்தை வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார். அவருடைய பேச்சில் வீணான சொல் இருக்காது, ஏனென்றால் அவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். கேட்பவர் முகத்தைப் பார்த்து அங்கேயே திருத்திக்கொள்ளும் வாய்ப்பும் அவருக்கு இருக்கிறது. ஒவ்வொரு பேருந்தும் அவருக்கு ஒரு சோதனை. பல நூறு முறை சோதித்துத் தேறிய ஒரு வாசகத்தை நாம் டிக்கெட் விலையில் கேட்கிறோம்.

அடுத்த முறை அப்படி ஒருவர் ஏறினால் காதில் மாட்டியிருப்பதைக் கழற்றிவிட்டு, அவர் எதை முதலில் சொன்னார், விலையை எந்த இடத்தில் சொன்னார், எந்தச் சொல்லுக்குப் பிறகு முதல் கை நீண்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். உழவர் சந்தையிலும், ஜவுளிக்கடையில் சேலையை விரித்துக் காட்டுபவரிடமும் இதே பாடம் உண்டு. வாங்குகிறவர்கள் பேசுவதையும் அப்படியே எழுதி வையுங்கள். ‘துவைத்தால் சாயம் போகுமா’ என்று ஒருவர் கேட்டால் நோட்டில் அந்த வாக்கியமே இருக்க வேண்டும். அதை ‘நிறத்தின் நீடித்த தன்மை’ என்று மாற்றி எழுதிக்கொண்டால் அதன் உயிர் போய்விடும்.

படித்தவர் என்ன செய்தார்?

இதுவரை சொன்னவற்றை வீட்டில் உட்கார்ந்தே செய்துவிடலாம், அதிகம் போனால் தெருமுனை வரை போக வேண்டியிருக்கும். ஒப்பிடுதலின் கடைசிக் கட்டம் வாசகரிடம் நடக்கிறது.

அமெரிக்க விளம்பர எழுத்தாளர் ஜான் கேப்பிள்ஸ் அஞ்சல் வழி இசைப் பள்ளி ஒன்றுக்கு எழுதிய விளம்பரம் 1926-இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும், தொழிலுக்குப் புதியவர். பியானோ முன்னால் நான் உட்கார்ந்ததும் எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் வாசிக்கத் தொடங்கியதும்... என்று போகும் அதன் தலைப்பு இன்று வரை பேசப்படுகிறது. அதைவிட முக்கியம் அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை. விளம்பரத்தின் மூலையில் வெட்டி அனுப்ப ஒரு கூப்பன் இருக்கும். ஒவ்வொரு விளம்பரத்தின் கூப்பனிலும் வேறு வேறு குறியீடு அச்சிட்டிருப்பார்கள். திரும்பி வரும் கூப்பன்களை எண்ணினால் எந்தத் தலைப்பு எத்தனை பேரை எழுதிப் போட வைத்தது என்று தெரிந்துவிடும். ஒரே இதழில், ஒரே அளவு இடத்தில் வந்த இரண்டு விளம்பரங்களில் ஒன்று மற்றதைவிடப் பத்தொன்பதரை மடங்கு அதிகம் விற்றதைத் தாம் பார்த்ததாக அவர் எழுதியிருக்கிறார். ஒன்று சரியான ஆசையைத் தொட்டது, மற்றது தொடவில்லை என்பதே அவர் சொன்ன காரணம்.

அந்தக் கூப்பனின் வேலையை இன்று நம் கையில் இருக்கும் போனே செய்துவிடும். இரண்டு நோட்டீஸ்களில் ‘இதைக் காட்டினால் கடலைப் பொடி இலவசம்’ என்று ஒன்றிலும், ‘எள்ளுப் பொடி இலவசம்’ என்று மற்றதிலும் போட்டால் எதைப் பார்த்து வந்தார்கள் என்று தெரிந்துவிடும் என்று தோன்றலாம். அது தவறான சோதனை, ஏனென்றால் பரிசே மாறிவிட்டது. எள்ளுப் பொடியின் ஈர்ப்பா, தலைப்பின் ஈர்ப்பா என்று பிரிக்க முடியாது. பரிசு, விலை, முகவரி, தாளின் நிறம், கொடுக்கும் நேரம் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். தலைப்பு மட்டும் மாறட்டும். நோட்டீஸின் ஓரத்தில் அ, ஆ என்று ஒரு சிறு எழுத்துப் போட்டாலே போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தொடர்பு எண்களை ஒன்று விட்டு ஒன்றாக இரண்டு பட்டியலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நெருங்கியவர்களெல்லாம் ஒரு பட்டியலிலும் முகம் தெரியாதவர்கள் மற்றதிலும் போய்விட்டால் கணக்கு பொய் சொல்லும்.

எண்ணிக்கை சிறியதாக இருந்தால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். முப்பது பேருக்கு அனுப்பியதில் இந்தப் பக்கம் மூவர், அந்தப் பக்கம் ஐவர் என்றால் அது தற்செயலாகவும் இருக்கலாம். அதே சோதனையை வேறு வாரத்தில் திரும்பச் செய்து, ஒரே வரி மீண்டும் மீண்டும் முந்தினால் நம்பத் தொடங்கலாம். நண்பர்களிடம் ‘எது நன்றாக இருக்கிறது’ என்று கேட்பதைச் சோதனையாக எண்ண வேண்டாம். அவர்கள் உங்களுக்காகப் படிக்கிறார்கள், தங்களுக்காகப் படிப்பதில்லை. அவர்களிடம் கேட்கத்தான் வேண்டும் என்றால் நோட்டீஸைக் கொடுத்து, வாங்கி வைத்துவிட்டு, ‘இதில் என்ன சொல்லியிருந்தது’ என்று கேளுங்கள். அவர்கள் நினைவில் தங்கியது எது, தவறாகப் புரிந்தது எது என்பது பயனுள்ள செய்தி.

உண்மையைப் பற்றி ஒரு சொல். பயிற்சி என்பதற்காக இல்லாத குணங்களை எழுதிப் பழகாதீர்கள், கை அதற்கும் பழகிவிடும். மாவுக் கடை நோட்டீஸில் ‘சோடா சேர்க்கவில்லை’ என்பது அந்த அம்மா உண்மையிலேயே சேர்க்காத வரைதான் நிற்கும். சட்டமும் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், திரும்பச் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். சர்க்கரை நோய் போன்ற சில நோய்களைக் குணமாக்கும் என்று மருந்துகளுக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்கிறது. மூலிகைப் பொடி, சிறுதானிய மாவு விற்பவர்களுக்கு எழுதப் போகும் இளைஞர்கள் இதை முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு மூன்று மாதங்கள் பிராங்க்ளின் முறையில் எழுதி ஒப்பிட்டபின் ஓர் உண்மையான கடையைத் தேடிப் போங்கள். அறிமுகமானவர், சிறிய கடை, ஒரே ஒரு பொருள் என்றால் நல்லது. முதல் வேலைக்குப் பணம் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், தயங்க வேண்டியதில்லை. ஆனால் பணம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் விற்பனைக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். நோட்டீஸ் கொடுப்பதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் தினமும் எத்தனை பாக்கெட் போனது, பிந்தைய இரண்டு வாரங்களில் எத்தனை என்று கடைக்காரரின் நோட்டிலிருந்து உங்கள் நோட்டுக்கு எழுதிக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் பண்டிகை வந்ததா, பள்ளி விடுமுறையா, இரண்டு நாள் மழை பிடித்துக்கொண்டதா என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். இல்லையென்றால் விடுமுறையால் கூடிய விற்பனையை உங்கள் வரியின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.